பென் டிரைவைப் பிடுங்குறதுக்கு முன்னாடி டெர்மினலில் என்ன பண்ணணும்?

இன்னைக்கு எடுத்துக்கிட்டது சின்ன விஷயம்தான். ஆனா ஃபைல் போச்சுன்னா பெரிய விஷயம்.

லினக்ஸில் 2 ஜிபி வீடியோவை பென் டிரைவுக்கு காப்பி பண்றீங்க. சீக்கிரமே முடிஞ்சு, ப்ராம்ப்ட் திரும்பி வந்துடுது. உடனே பிடுங்கலாமா? கூடாது. அந்த வீடியோவில் பாதி இன்னும் ரேமில்தான் இருக்கலாம்.

ஏன் அப்படி? பென் டிரைவ் மெதுவா எழுதும், ரேம் வேகமா வாங்கிக்கும். அதனால கெர்னல் முதலில் ரேமில் வாங்கி வெச்சுக்கிட்டு, பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமா டிரைவுக்குத் தள்ளும். வழக்கமான செட்டிங்கில் 30 விநாடி வரைக்கும் தரவு ரேமிலேயே காத்திருக்கலாம். அதுக்கப்புறம்தான் எழுதவே ஆரம்பிக்கும். நடுவுல பிடுங்கினா, அந்த வீடியோ மட்டும் கெடும்னு இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்குன்னு குறிச்சு வெச்சிருக்கிற அட்டவணையும் பாதியில் நின்னா, பழைய ஃபைல்களும் சேர்ந்து மாட்டிக்கும்.

திரை இல்லாமல் ஓடுற ராஸ்பெர்ரி பை மாதிரி மெஷினில் எஜெக்ட் ஐகான் கிடையாது. கமாண்ட்தான் வழி.

முதலில் 'எல்எஸ்பிஎல்கே'ன்னு அடிங்க. டிரைவ் பெயர் தெரியும். உங்களுக்கு எஸ்டிபி1னு வந்ததா வெச்சுப்போம். அடுத்து 'சூடோ யுமவுண்ட் /டெவ்/எஸ்டிபி1'. கவனிங்க, இதில் யு-க்குப் பிறகு 'என்' எழுத்து கிடையாது. நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இது. மிச்சத்தை எல்லாம் எழுதி முடிச்ச பிறகுதான் இந்தக் கமாண்ட் திரும்பி வரும். அது ஒரு நிமிஷம் அப்படியே நின்னா பதறாதீங்க, வேலை நடக்குது. எர்ரர் இல்லாமல் ப்ராம்ப்ட் வந்தா பிடுங்கலாம்.

வெளி ஹார்ட் டிஸ்க்கா இருந்தா இன்னொரு படி நல்லது: 'யுடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி /டெவ்/எஸ்டிபி'. இங்கே கடைசியில் 1 இல்லை. மொத்த டிஸ்க்கையும் சொல்றோம். மேக்கில் 'டிஸ்க்யுடில் லிஸ்ட்' போட்டு பெயரைப் பார்த்துட்டு, 'டிஸ்க்யுடில் எஜெக்ட்' போட்டா போதும்.

'டார்கெட் இஸ் பிஸி'ன்னு வந்தா? யாரோ அந்த டிரைவைப் பயன்படுத்துறாங்கன்னு அர்த்தம். பல நேரம் அந்த 'யாரோ' நீங்களேதான். டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நிக்கும். 'சிடி' அடிச்சு வெளியே வந்து மறுபடி முயற்சி பண்ணுங்க. அப்பவும் நகரலைன்னா, 'எல்எஸ்ஓஎஃப்' கமாண்டோட அந்த ஃபோல்டர் பாதையைக் கொடுங்க. எந்த ப்ரோக்ராம் பிடிச்சிருக்குன்னு காட்டும். அதை மூடுங்க.

இணையத்தில் சிலர் 'யுமவுண்ட் -எல்' போடச் சொல்வாங்க. அது டிரைவைப் பார்வையிலிருந்து மட்டும் உடனே மறைக்கும். எழுதும் வேலை உள்ளே ஓடிட்டே இருக்கலாம். அதை நம்பிப் பிடுங்காதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.