மணலியில் காத்துக் கிடந்த வெள்ளை உப்பு

2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், சுமார் 697 டன், சென்னை மணலியின் சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் ஏறக்குறைய ஐந்தாண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4இல் இதே உப்பால் லெபனானின் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகே ஏலத்தில் விற்று, ஐதராபாத்துக்கு லாரியில் ஏற்றினார்கள். உரம்தானே, தானாக எரியாதே என்பார்கள். உண்மை, அது எரிவதில்லை, மற்றதை எரியவைக்கிறது. அதன் எடையில் 60 சதவீதம் ஆக்சிஜன். சுமார் 170 டிகிரி செல்சியஸில் உருகும், 210ஐத் தாண்டினால் சிதைந்து நச்சு வாயுக்களைக் கக்கும். டீசலோ மரத்தூளோ கலந்திருந்து, வாயு வெளியேற வழியும் இல்லாவிட்டால் வெடிக்கும்.

பெய்ரூட்டில் 2,750 டன் ஒரே கிடங்கில் குவிந்திருந்தது, இங்கே தனித்தனிப் பெட்டிகள் என்ற வாதம் பாதிதான் சரி. சரக்கைப் பிரித்துவைக்கும் அதே இரும்புப் பெட்டிதான், சுற்றிலும் தீப்பிடித்தால் வாயுவை அடைத்தும் வைக்கும். பக்கத்திலேயே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேறு. ஆகவே ஆபத்தைத் தீர்மானித்தது உப்பின் குணம் மட்டுமல்ல, கோப்பு நகராத காலமும்தான். 2021இல் திருத்தப்பட்ட அம்மோனியம் நைட்ரேட் விதிகள், பறிமுதலான சரக்கை விரைந்து ஏலம் விடவும், துறைமுகத்துக்கு 500 மீட்டர் அப்பால் சேமிக்கவும் சொல்கின்றன.