பந்து விளையாடினால் பிழைப்பு உண்டா?

பெண்பிள்ளை பந்தும் கையுமாகத் திரிந்தால் நாளைக்குப் பிழைப்புக்கு என்ன செய்வாள் என்று நம் சங்கத்துப் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கேரளத்தில் பிறந்து, நான் பணியாற்றிய அதே தென்னக ரயில்வேயில் வேலை பார்த்த கீது அன்னா ஜோஸ் என்ற கூடைப்பந்து வீராங்கனையின் வாழ்க்கை இதற்கு நல்ல விடை தருகிறது.

கீது 1985-ஆம் ஆண்டு கோட்டயம் பகுதியில் பிறந்தவர். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். சங்கனாச்சேரி அஸம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து, பின்னர் இந்திய அணிக்கும் தலைமை தாங்கினார்.

கூடைப்பந்தில் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். அணிக்கு ஐந்து பேர். அவர்களில் உயரமானவரை 'சென்டர்' என்று வளையத்தின் அருகில் நிறுத்துவார்கள். எதிராளியை முதுகால் தடுத்துக்கொண்டு பந்தை வாங்குவது, திரும்பிப் போடுவது, தவறி வரும் பந்தைத் துள்ளிப் பிடிப்பது இவை அவர் வேலை. இந்தியாவில் கீதுவின் இடம் அதுதான்.

2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த ரிங்வுட் கிளப்புக்காக ஆடினார். 2011-இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டிக்கான தேர்வுக்குச் சென்றார். சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று நகர அணிகள் அவரை ஆடவைத்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை.

இதைத் தோல்வி என்று தள்ளிவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு அங்கே இருந்தவை 12 அணிகள். அணிக்கு 11 பேர். உலகம் முழுவதற்கும் மொத்தம் 132 இடங்கள்! நம் ஊரில் சென்டருக்குப் போதுமான ஆறடி இரண்டு அங்குலம், அங்கே சென்டருக்குக் குறைவு. அந்த உயரத்துக்காரர் தொலைவிலிருந்தும் பந்து போட வேண்டும், ஓட்டத்திலும் ஈடுகொடுக்க வேண்டும். அமெரிக்கப் பெண்கள் கல்லூரியிலேயே ஒரு பருவத்துக்கு முப்பது ஆட்டங்கள் வரை ஆடிப் பழகி வருகிறார்கள். கீது ஆடிய காலத்தில் நம் நாட்டில் பெண்களுக்கு நிலையான தொழில்முறைத் தொடரே கிடையாது.

சரி, அவர் எதை நம்பிக் கடல் கடந்தார்? திரும்பி வந்தால் உத்தியோகம் இருந்தது. அதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ரயில்வேயில் விளையாட்டு வளர்ச்சி வாரியம் 1928-லிருந்தே இயங்குகிறது. ஒதுக்கீட்டில் சேர்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு. பயிற்சிக்கும் போட்டிக்கும் போகிற நாட்கள் பணி நாட்களாகவே கணக்கிடப்படும். பெரிய பதக்கம் வாங்கினால் பதவி உயர்வுக்கும் வழி உண்டு. ஆட்டம் முப்பத்தைந்து வயதுக்குள் ஓய்ந்துவிடும். உத்தியோகமோ அறுபது வரை நீடிக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. சம்பளம் நிச்சயம் என்றாலும் வருடத்தில் ஆடும் போட்டிகள் சில. கூர்மை ஏறப் போட்டி வேண்டும். வேலையைத் தந்த நாடு, ஆட்டத்தையும் போதிய அளவு தந்திருந்தால் கீது இன்னும் உயரம் போயிருப்பார் என்பது என் எண்ணம்.

மத்திய அரசு 2014-இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கியது. தென்னக ரயில்வேயின் இன்னொரு வீராங்கனை, சென்னை அனிதா பால்துரை, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்றபோது அணியில் அனிதாவும் இருந்தார், வயநாட்டு ஜீனாவும் இருந்தார். ஜீனா வேலை பார்த்தது, நம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மின்வாரியத்தில். பின்னர் அவரும் கீது ஆடிய அதே ரிங்வுட் கிளப்புக்கு ஆடப் போனார். முதலில் போனவர் போட்ட பாதை அது.

ஆகவே பெற்றோர்களே, உயரமும் ஆர்வமும் உள்ள பெண்ணைத் தடுக்காதீர்கள். ஒதுக்கீட்டு வேலைக்கும் கல்வித் தகுதி கேட்பார்கள்; எனவே படிப்பை விடவேண்டாம். மாநில அளவுப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலைக்கான அறிவிப்பு வரும்போது அவைதான் பேசும்.