கொழுக்கட்டைப் புல்லும் கம்பும் பங்காளிகள்!

மானாவாரி மேய்ச்சலுக்கு எந்தப் புல் என்று தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய உறவுமுறை

மாடு வைத்திருக்கிற நம் உழவர்களிடம் 'என்ன தீவனம் போட்டிருக்கீங்க?' என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் 'கோ-4', 'கோ-5', 'சூப்பர் நேப்பியர்' என்றுதான் சொல்வார்கள். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போய்க் கேட்டால் பெரியவர்கள் 'கொழுக்கட்டைப் புல்' என்பார்கள். தானியம் விதைக்கிறவர்கள் கம்பு என்பார்கள். கேட்க மூன்றும் மூன்று திசையில் இருப்பது போலத் தெரியும். ஆனால் தாவரவியல் கணக்கில் மூன்றும் ஒரே பேரினம். அந்தப் பேரினத்தின் பெயர் சென்க்ரஸ்.

'பெயர் எதுவா இருந்தா என்ன, மாடு தின்னா சரி' என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எந்தப் புல் எந்த மண்ணிலிருந்து வந்தது, யாருக்கு யார் உறவு என்று தெரிந்தால், எதற்குத் தண்ணீர் வேண்டும், எது மழையை மட்டும் நம்பி வரும், எதை விதையாக எடுத்துவைக்கலாம், எதை ஒவ்வொரு முறையும் கரணையாக வாங்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

வேலி போட்ட அறிஞர்களும் வேலி தாண்டிய புல்லும்

சென்க்ரஸ் என்ற பேரினப் பெயரை 1753-ல் லின்னேயஸ் பதிவு செய்தார். சிறுதானியத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1805-ல் பென்னிசீட்டம் என்று இன்னொரு பேரினம் வந்தது. இறகு போன்ற தூவி உடையது என்று பொருள். கம்பும் யானைப்புல் என்கிற நேப்பியரும் இதற்குள் போயின.

இரண்டையும் பிரித்தது கதிரில் உள்ள தூவிதான். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் தூவி தனித்தனியாக நின்றால் பென்னிசீட்டம். தூவிகள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிண்ணம் போலவோ முள் உருண்டை போலவோ ஆகியிருந்தால் சென்க்ரஸ். இதுதான் வேலி.

அந்த வேலிக்குள் அடங்காத புல் ஒன்று இருந்தது. அதுதான் நம்ம கொழுக்கட்டைப் புல். இதன் தூவிகள் அடியில் கொஞ்சம்போல ஒட்டியிருக்கும், மேலே எல்லாம் விரிந்து மென்மையாக இருக்கும். ஆகவே ஒருவர் சென்க்ரஸ் சிலியாரிஸ் என்பார், இன்னொருவர் பென்னிசீட்டம் சிலியாரே என்பார். இருநூறு ஆண்டுக்கு மேல் இது இங்கும் அங்குமாக அலைந்தது.

மரபணுவைப் பார்க்கும் வசதி வந்த பிறகு வழக்கு தீர்ந்தது. 2010-ல் வெளியான ஆய்வு, இரண்டும் தனித்தனிக் கிளைகள் அல்ல, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன என்று காட்டியது. மூத்த பெயரே நிலைக்க வேண்டும் என்பது தாவரவியல் விதி. அதனால் பென்னிசீட்டம் முழுவதும் சென்க்ரஸுக்குள் வந்தது. இப்போது இந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். கம்புக்கு இப்போது சென்க்ரஸ் அமெரிக்கானஸ் என்று பெயர். ஆப்பிரிக்காவில் பிறந்த தானியத்துக்கு அமெரிக்காவின் பெயர்! லின்னேயஸ் காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. விதை நிறுவனங்களும் வேளாண் நூல்களும் பழைய பெயரை இன்னும் விடவில்லை. இரண்டில் எதைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம்.

வயலில் அடையாளம் காண்பது

தினையும் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம்தான். தினைக் கதிரிலும் தூவி உண்டு. வேறுபாடு எளிது. தினை இனத்தில் மணி உதிர்ந்தாலும் தூவி கதிர்த்தண்டிலேயே நிற்கும். கொழுக்கட்டை இனத்தில் மணியும் தூவியும் சேர்ந்தே உதிரும். முற்றிய கதிரை விரலால் உருவிப் பாருங்கள், வெறும் தண்டு மட்டும் மிஞ்சும்.

நம் நிலத்தில் பார்க்கக் கூடியவை மூன்று:

கொழுக்கட்டைப் புல்: நீண்ட, மென்மையான, நெளிந்த தூவி. கதிர் பூனைவால் மாதிரி இருக்கும்.

கருங்கொழுக்கட்டை (சென்க்ரஸ் செட்டிஜெரஸ்): தூவி குட்டை, விறைப்பு. கதிர் ஒல்லியாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும்.

நீலக்கொழுக்கட்டை (சென்க்ரஸ் கிளாக்கஸ்): இலையில் நீலச் சாம்பல் பூச்சு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ-1 என்று வெளியிட்டது இதைத்தான். இதைத் தனிச் சிற்றினமாகக் கொள்ளாமல் கொழுக்கட்டைப் புல்லுக்குள்ளேயே அடக்குகிறவர்களும் உண்டு.

யார் எந்த ஊர்க்காரர்?

கம்பு, சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதியில் பயிரானது. மாலி நாட்டில் சுமார் 4,500 ஆண்டுக்கு முந்தைய கம்பின் தடயம் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து இந்தியா வந்து நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. வறட்சி தாங்கும், ஆனால் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும்.

நேப்பியர், வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் மழை உள்ள பகுதிகளிலும் ஆற்றோரங்களிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. பல்லாண்டு நிற்கும். ஆனால் பழகியதெல்லாம் தண்ணீரும் கொழுத்த மண்ணும்.

இந்த இரண்டையும் சேர்த்ததுதான் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல். கோயம்புத்தூரில் 1950-களிலேயே இந்த வேலை தொடங்கிவிட்டது. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. பிள்ளைக்கு 21. ஜோடி சேராத எண் என்பதால் விதை பிடிக்காது. அதனால்தான் கோ-4, கோ-5 எல்லாம் கரணையாக மட்டுமே கிடைக்கிறது. 'விதை அனுப்புகிறோம்' என்று யாராவது இதற்கு விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள். ஒருமுறை நல்ல கரணை வாங்கி நட்டால் போதும், பிறகு நாமே பெருக்கலாம்.

நீலகிரியில் புல்தரையாகப் படர்ந்து கிடக்கும் கிக்குயூ புல்லும் இதே பேரினம்தான், கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து வந்தது. ராஜஸ்தானிலும் சாஹேலிலும் முள் உருண்டையாய்த் துணியில் ஒட்டும் சென்க்ரஸ் பைஃப்ளோரஸும் இதுதான். பஞ்சகாலத்தில் அந்த முள்ளை நீக்கி அரிசியை எடுத்து உண்டிருக்கிறார்கள் அந்த மக்கள்.

கொழுக்கட்டைப் புல்லோ ஆப்பிரிக்காவிலிருந்து அரபு நாடுகள் வழியாக இந்தியா, இலங்கை வரை இயற்கையாகவே பரவியிருப்பது. நமக்கு இது மண்ணின் புல். வடக்கே இதை அஞ்சன் என்பார்கள்.

சொந்த ஊரில் செல்வம், போன ஊரில் களை

இதே கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவுக்கு முதலில் போனது ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்த புல்லாக என்று சொல்வார்கள். பிறகு மாட்டுக்காக வேண்டுமென்றே விதைத்தார்கள். கருங்கொழுக்கட்டைக்கு அங்கே பேர்ட்வுட் புல் என்று பெயர், இந்தியாவில் படைத்தளபதியாக இருந்த ஆங்கிலேயரின் பெயர் அது. இன்று நடு ஆஸ்திரேலியாவில் இந்தப் புல் உள்ளூர்ச் செடிகளை ஒடுக்குகிறது. மெக்சிகோவின் சொனோரா பாலைவனத்திலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே கதை. அங்கே தீயே பழக்கமில்லாத நிலத்தில் இந்தப் புல் காய்ந்து தீயைப் பரப்ப, நூறாண்டு வாழ்கிற பெரிய கள்ளிகள் கருகுகின்றன.

புல் மாறவில்லை, இடம்தான் மாறியது. 'அந்த நாட்டில் நல்லா வருது' என்று எந்தத் தீவனப் பயிரையும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே சமயம், உலகம் பூராவும் மாட்டுக்காகத் தேடிப்போய் விதைத்த புல் நம் கொறங்காட்டில் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

கொறங்காடு சொல்லும் கணக்கு

கொங்கு நாட்டின் கொறங்காடு என்பது கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல் என்று மூன்றடுக்கு. காங்கயம் மாடும் செம்மறியும் இதை நம்பித்தான் வளர்ந்தன. உழவில்லை, பாசனமில்லை, உரமில்லை. ஆணிவேர் கிடையாது என்றாலும் இந்தப் புல்லின் வேர் 2 மீட்டர் ஆழம் வரை போகும். தூரின் அடித்தண்டு தடித்து உணவைச் சேமித்து வைக்கும். கோடையில் செத்தது போலக் கிடந்து, ஒரு மழைக்குப் பச்சை விடுவது அதனால்தான்.

தண்ணீர் வசதி உள்ள அரை ஏக்கரில் ஒட்டு நேப்பியர் போடுவதைத் தப்பு என்று சொல்லவில்லை. கறவை மாட்டுக்கு அது உதவும். ஆனால் மானாவாரிப் பூமியில் போர் போட்டு, கடன் வாங்கி நேப்பியர் வளர்ப்பது, ஆற்றோரத்துப் புல்லை மேட்டாங்காட்டுக்குக் கூட்டிவந்து காலமெல்லாம் தண்ணீர் சுமப்பது மாதிரி. கிணறு வற்றினால் தீவனமும் போச்சு.

விதை நம் கையில்

கொழுக்கட்டைப் புல்லில் இன்னொரு பெரிய நன்மை. பெரும்பாலும் மகரந்தக் கலப்பு இல்லாமலேயே விதை பிடிக்கும். தாய் எப்படியோ விதையும் அப்படியே. உங்கள் ஊர்க் கொறங்காட்டில் நன்றாகத் தூர்கட்டி நிற்கும் புல்லிலிருந்து விதை எடுத்தால், அதே குணம் உங்கள் காட்டுக்கு வரும். பாக்கெட் விதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

* வடகிழக்குப் பருவமழைக்குப் பின், கையால் உருவினால் தானாக வரும் பதத்தில் விதையைச் சேகரியுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வையுங்கள்.
* புது விதை சரியாக முளைக்காது, அதற்கு உறக்கம் உண்டு. ஆறு மாதமாவது கழித்து, அடுத்த மழைக்கு விதையுங்கள்.
* பஞ்சு போன்ற விதை காற்றில் பறக்கும். செம்மண்ணும் சாணமும் கலந்து பிசறித் தூவுங்கள். ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ போதும்.
* ஆழமாகப் போட்டால் முளைக்காது. மேலாகத் தூவி, முள் கட்டி இழுத்தால் போதும்.
* விதை கிடைக்காவிட்டால் பழைய தூரைப் பிரித்து நடலாம். வரிசைக்கு வரிசை 50 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ.
* மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் விடுங்கள். மாட்டுக்குப் புரதம், மண்ணுக்குத் தழைச்சத்து.
* முதல் ஆண்டு விதை உதிரும் வரை மாட்டை உள்ளே விடாதீர்கள். அதன் பிறகும் அறுத்தாலும் மேய்த்தாலும் ஒரு சாண் அளவாவது அடித்தூரை விட்டுவைக்க வேண்டும். சேமிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.
* களியும் தேங்கும் நீரும் இதற்கு ஆகாது. செம்மண், சரளை, மணல் கலந்த நிலமே சரி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பங்காளி என்றால் சொத்து மட்டுமா, நோயும் பங்குதான். கம்பில் பூக்கும் பருவத்தில் வரும் தேன் ஒழுகல் நோய்க்குக் கொழுக்கட்டைப் புல்லும் இடம் கொடுக்கும். கம்பு விதைக்கிற காட்டின் வரப்பில் இந்தப் புல் நின்றால், கம்பு பூப்பதற்கு முன்பே அதை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுங்கள்.

கொறங்காடுகள் மனையாகவும் வேறு பயனுக்கும் கைமாறி வருகின்றன. நிலம் போனால் அந்த ஊர் மண்ணுக்கென்றே பழகிய புல்லும் சேர்ந்து போகும். இந்தப் பருவத்தில் உங்கள் பகுதிக் கொறங்காட்டிலோ புறம்போக்கு மேய்ச்சல் நிலத்திலோ ஒரு பை விதை எடுத்து வையுங்கள். பத்து சென்ட் போதும், அதில் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு பக்கத்துக் காட்டுக்காரருக்கும் கொஞ்சம் கொடுக்க உங்களிடம் இருக்கும்.