பழுதுபட்ட பொட்டலப் பதிவுகளைச் சீர்படுத்தல்

கணினி வலையில் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டே செல்கின்றன. அவற்றைச் செல்லும்போதே படியெடுத்து வைக்கும் கோப்பு பொட்டலப் பதிவு எனப்படும். வலையில் நிகழ்ந்த கோளாற்றையோ திருட்டையோ ஆராய்வோருக்கு இது முதன்மையான சான்றாகும். ஹைதராபாத்தில் மத்தியத் தடய அறிவியல் ஆய்வுக்கூட வளாகத்தில், கணினிக் குற்றச் சான்றுகளை ஆராயும் தேசிய ஆய்வுக்கூடம் 2022-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இத்தகைய கூடங்களை எட்டுமுன்னரே, பதிவு செய்த இடத்தில் கோப்பு பழுதுபட்டுவிடுவதுண்டு. அப்பழுதைவிட, பதற்றத்தில் செய்யப்படும் பழுதுபார்ப்பே பெருங்கேடு விளைவிக்கும்.

ஆதலின் மூலக் கோப்பில் கை வைத்தல் கூடாது. எஸ்எச்ஏ-256 முறையில் அதன் அடையாள எண்ணைக் கணித்து எழுதிக்கொண்டு, நகலில் மட்டுமே வேலை செய்தல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி அளிக்கப்படும் சான்றிதழிலும் இத்தகைய எண் குறிக்கப்படவேண்டும்.

பீகேப் எனும் பழைய வகைக் கோப்பின் அமைப்பு எளியது. தொடக்கத்தில் 24 பைட் நீளமுள்ள தலைப்பு. அதன் முதல் 4 பைட்டுகள் கோப்பின் வகையைக் காட்டும் முத்திரை. பின்னர் ஒவ்வொரு பொட்டலத்திற்கும் முன்னால் 16 பைட் குறிப்பு ஒன்று நிற்கும். 1970 ஜனவரி 1 முதல் கழிந்த வினாடிகள், வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் கணித்த மீதி நேரம், பதிவான நீளம், பொட்டலத்தின் உண்மை நீளம் என நான்கு எண்கள் அதில் உள்ளன. பதிவான நீளத்தைக் கொண்டே அடுத்த குறிப்பின் இடம் அறியப்படுகிறது. எனவே ஒரு நீளம் பிழைபட்டால், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாற்போல, அதற்குப் பின்னுள்ளவை நல்ல நிலையில் இருந்தும் படிக்க இயலாமற் போகின்றன.

மின்தடையால் பதிவு பாதியில் நின்றிருந்தால் கவலை குறைவு. பெரும்பாலும் இறுதிப் பொட்டலமே முறிந்திருக்கும். வயர்ஷார்க் கருவி அதனை அறிவித்துவிட்டு, முன்னுள்ளவற்றைக் காட்டும்.

இடையில் அறுந்திருந்தால் அடுத்த குறிப்பைத் தேடியே காணல் வேண்டும். நேரம் முந்தைய பொட்டலத்தை ஒட்டியதா, மீதி நேரம் பத்து இலட்சத்திற்குக் குறைந்ததா, பதிவான நீளம் உண்மை நீளத்தை மிஞ்சாததா என ஒவ்வோர் இடமாகச் சோதித்தால் குறிப்பு அகப்படும். பீகேப்ஃபிக்ஸ் என்னும் கருவி இவ்வகையில் தேடித் தருகிறது. இடைவெளியை ஊகத்தால் நிரப்பலாகாது. விடுபட்டது விடுபட்டதென்றே குறிக்கவேண்டும்.

மற்றொரு பழுது வஞ்சகமானது. கோப்பை உரை முறையில் அனுப்பினால், வரி முடிவைக் குறிக்கும் 10 என்னும் பைட்டுக்கு முன் 13 சேர்க்கப்படலாம். அங்ஙனம் எல்லா 10-க்கும் முன் சேர்ந்திருந்தால், ஒவ்வொரு 10-க்கும் நேர்முன்னுள்ள ஒரு 13-ஐ மட்டும் நீக்கினாற் போதும். மாறாக, 13 களையப்பட்டிருந்தால், எந்த 10-க்கு முன் அது இருந்ததென்று பெரும்பாலும் துணிந்து கூற இயலாது. இதனைக் கருதியே, பீகேப்-என்ஜி எனும் புதிய வகையின் முத்திரை 10, 13, 13, 10 என அமைக்கப்பட்டது. உரை முறையில் சென்றால் முத்திரையே மாறிவிடும். அவ்வாறு மாறியிருக்கக் கண்டால் பழுதுபார்க்க முனையாது, கோப்பை இரும முறையில் மீண்டும் கேட்டுப் பெறுதலே தக்கது.