சங்கு போனது, செல்போன் வந்தது!

தங்கவயல் தொழிலாளர் கையில் ஆண்ட்ராய்டு படும் பாடும், படுத்தும் பாடும்

பொழுது விடிய இன்னும் வெகு நேரம் இருக்கிறது. மாரிகுப்பம் ரயில் நிலையம் அதற்குள் விழித்துக் கொண்டுவிட்டது. தோளில் பை, பைக்குள் டிபன் டப்பா. பெங்களூருவுக்கு வேலைக்குப் போகும் கூட்டம் அது. இருட்டிலே ஒவ்வொரு முகத்திலும் சிறு வெளிச்சம் விழுகிறது. அது செல்போன் வெளிச்சம்.

ஒரு காலத்தில் தங்கவயலுக்கு நேரம் சொன்னது சுரங்கத்துச் சங்கு. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சங்கும் ஓய்ந்தது. பூமிக்கு அடியில் 3 கிலோ மீட்டர் ஆழம் வரை இறங்கிய தொழிலாளர்களின் பிள்ளைகள், இன்று நெடுந்தூரம் ரயிலில் போய்ப் பிழைக்கிறார்கள். அவர்களை எழுப்பி விடுவது தலைமாட்டில் கிடக்கும் ஆண்ட்ராய்டு செல்போன்தான்.

"ஆண்ட்ராய்டு" என்பது ஒரு கம்பெனியின் போனுக்குப் பெயர் அல்ல. போனை இயக்கும் மூளைக்குப் பெயர். கூகுள் நிறுவனம் 2005-ல் இதை விலைக்கு வாங்கியது. 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. ஒரே மூளையை வைத்துப் பல கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு போன் செய்ததால் விலை இறங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு இன்டர்நெட் கட்டணமும் சரிந்தது. குமாஸ்தா சம்பளத்துக்கும் கூலிக்காரர் வரும்படிக்கும் அப்போதுதான் அது எட்டியது.

வாங்கியவர்களுக்கு அதனால் என்ன லாபம், என்ன நஷ்டம்?

ரயில் எங்கே வருகிறது?

தங்கவயல் பயணிக்கு முதல் கேள்வி இதுதான். ரயில் தவறினால் அன்றைய கூலி போயிற்று. பெங்களூருவைச் சேர்ந்த சிக்மாய்டு லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் உண்டாக்கிய "வேர் இஸ் மை டிரெயின்" என்ற செயலி இங்கே கைகொடுக்கிறது. 2018-ல் கூகுளே இதை வாங்கிக் கொண்டது. ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்டர்நெட் இல்லாவிட்டாலும், செல்போன் கோபுரங்களின் சிக்னலை வைத்தே ரயில் எங்கே இருக்கிறது என்று அது கணக்கிட்டுச் சொல்லிவிடும். தமிழிலும் பார்க்கலாம்.

மாத சீசன் டிக்கெட்டையும் செல்போனிலேயே எடுக்க முடியும். ஜன்னல் முன் வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு கண்டம் உண்டு. போன் அணைந்தால் டிக்கெட்டும் அணைந்தது! பரிசோதகர் வந்து நிற்கும்போது காட்ட ஒன்றும் இராது. பணம் கட்டியவரும் டிக்கெட் இல்லாதவராக நிற்க வேண்டியதுதான்.

பாட்டரி ஏன் சாகிறது?

ஆகவே பாட்டரிதான் உயிர். "காலையில் நூறு இருந்தது, பங்காருபேட்டை தாண்டுவதற்குள் எழுபதாகிவிட்டது" என்பது ரயிலில் அன்றாடம் கேட்கும் புலம்பல். குற்றம் போனில் மட்டும் இல்லை. ஓடும் ரயிலில் போன் ஒரு கோபுரத்தை விட்டு அடுத்த கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் அதிக சக்தியைச் செலவழித்துக் கூவ வேண்டியிருக்கிறது. அதோடு சினிமாவும் பார்த்தால் பாட்டரி என்ன செய்யும்?

சூடுதான் பாட்டரிக்கு முதல் எதிரி. வெயிலில் வைப்பதும், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். நூறு வரை ஏற்றிச் சுழியம் வரை இறக்குவதைவிட, 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்திருப்பது நல்லது.

தங்கவயல்காரருக்கு மின்சாரம் புதிது அல்ல. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே இங்கே மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூரு வீதிகளில் விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான். அன்று அது சுரங்க எந்திரங்களை ஓட்டியது. அந்த ஊர்க்காரர்கள் இன்று ரயில் நிலையத்தில் சார்ஜ் போட ஒரு பிளக் கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

தாத்தாவின் முகம்

செல்போனால் பெரியவர்களுக்கு வந்த நன்மை ஒன்று உண்டு. அதற்கு ஈடு இல்லை என்றே சொல்லலாம்.

வருங்கால வைப்பு நிதிப் பென்ஷன் வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒரு முறை, தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். 2014 நவம்பரில் "ஜீவன் பிரமாண்" என்ற டிஜிட்டல் முறை வந்தது. விரலை எந்திரத்தில் வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் காலமெல்லாம் பாறையோடும் இரும்போடும் மல்லாடிய விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? எந்திரம் விரலை ஏற்க மறுத்தது. மூச்சு வாங்க வாங்கப் பெரியவர்கள் திரும்பத் திரும்ப அலைந்தார்கள்.

2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று தரும் வழி பிறந்தது. 2022-ல் வைப்பு நிதிப் பென்ஷன்காரர்களுக்கும் இது கிடைத்தது. பேரன் தன் ஆண்ட்ராய்டு போனை எதிரே பிடிக்கிறான். தாத்தா கண்ணைச் சிமிட்டுகிறார். ஆதாரில் உள்ள படத்தோடு முகம் ஒத்துப்போனால் சான்று தயார். வைப்பு நிதிப் பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம்தான் என்று காத்திருக்கவும் வேண்டாம். எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும்.

வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைப்பது முக்கியம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு, எந்திரம் மறுத்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிடுவதும் நல்லது.

கன்னடப் பலகை, தமிழ்க் கண்

சேலம், தருமபுரி பக்கத்திலிருந்து பெங்களூருவுக்குப் புதிதாக வேலைக்கு வந்தவருக்குக் கன்னட எழுத்து பிடிபடுவதில்லை. போன் காமிராவைப் பலகைக்கு நேரே காட்டினால், அதே இடத்தில் தமிழ் எழுத்து தோன்றுகிறது. அவசரத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் எந்திர மொழிபெயர்ப்பில் தவறு வரும். அதை நம்பி எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது. நாலு வார்த்தை கன்னடம் கற்றுக்கொள்வதே என்றைக்கும் நல்லது.

தமிழில் தட்டச்சு தெரியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். 2017 முதல் தமிழில் பேசினால் எழுத்தாக மாறும் வசதி வந்திருக்கிறது. ரயில் இரைச்சலில் மட்டும் அது கொஞ்சம் தடுமாறும்.

கதவைத் திறந்து வைத்தால்...

ஆண்ட்ராய்டில் ஒரு சுதந்திரம் உண்டு. கூகுளின் கடையைத் தவிர, வெளியிலிருந்தும் செயலிகளை ஏற்றிக்கொள்ளலாம். மோசடிக்காரர்கள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். "பாங்கு விவரம் புதுப்பிக்க", "அபராதம் கட்ட", "கல்யாணப் பத்திரிகை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று எழுத்து இருந்தால், தொடவே கூடாது. தொட்டால் பாங்கிக் கணக்கு துடைத்த மாதிரி ஆகிவிடக்கூடும்.

2016-ல் வந்த யு.பி.ஐ. முறையில் இன்று காய்கறி வண்டி வரை பணம் போகிறது. பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க வேண்டாம். "உங்களுக்குப் பணம் வருகிறது, எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம்.

போனே திருட்டுப் போனால்? 2023 மே மாதம் தொடங்கிய "சஞ்சார் சாத்தி" மூலம் அதை முடக்கலாம். அதற்கு ஐ.எம்.ஈ.ஐ. எண் தேவை. ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். போன் கையில் இருக்கும்போதே அதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைப்பவர் புத்திசாலி.

வாங்குமுன் கேட்க வேண்டியது

காமிரா எத்தனை என்று எண்ணுவதைவிட, இந்தப் போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்று கடையில் கேட்க வேண்டும். அவை நின்றுபோன போனில் பணப் பரிமாற்றம் செய்வது, தாழ்ப்பாள் உடைந்த வீட்டில் பெட்டி வைத்திருப்பதற்குச் சமம். சேமிக்கும் இடமும் தாராளமாக இருக்க வேண்டும். உறவினர் அனுப்பும் காலை வணக்கப் படங்களே பாதி இடத்தை அடைத்துக் கொள்கின்றன.

சுரங்கத்தில் கூண்டை ஏற்றவும் இறக்கவும் மணிதான் சைகை. தவறாக ஒரு மணி அடித்தால் கூண்டுக்குள் இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து. அதனால் எண்ணி எண்ணி அடித்தார்கள். பெரியவர்களின் அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கும் இருந்தால் செல்போன் நல்ல வேலைக்காரன். விரலை வைக்குமுன் ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

மாலை ரயில் தங்கவயலுக்குத் திரும்புகிறது. பாட்டரியில் பத்துதான் மிச்சம். "வந்துகொண்டே இருக்கிறேன், சோறு எடுத்து வை" என்று சொல்ல அது போதும்.