லாரியின் பலத்தைப் பறிக்கும் சிறு கருவி!

பாரம் ஏற்றிய லாரி மேம்பாலம் ஏறும்போது திடீரென்று திணறுகிறது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் இல்லை. டிரைவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ஜின் கெட்டுவிட்டதா? பல சமயங்களில் இல்லை! பொய் சொன்னது, விரல் அளவே உள்ள 'சென்சார்'.

காஞ்சீபுரம் நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். ஜக்கார்டு தறியில் எந்த இழை எழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைதான் சொல்கிறது. ஒரு துளை தவறினால், பட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும் பூ கோணலாகத்தான் விழும்.

லாரியிலும் அதே கதைதான். என்ஜினுக்குள் வரும் காற்றின் அழுத்தத்தைச் சென்சார் சொல்கிறது. அதை நம்பி, ஒரு சிறு கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுகிறது. காற்று போதுமான அளவு வந்தும் 'குறைவு' என்று சென்சார் சொன்னால், டீசலும் குறைகிறது. இழுவை போய்விடுகிறது!

2020 ஏப்ரல் 1-ந் தேதி 'பி.எஸ்.6' விதி வந்தது. அதன்பின், புகையில் உள்ள நச்சு வாயுவை அளக்கும் சென்சாரும் லாரியில் சேர்ந்துகொண்டது. காஞ்சீபுரம் மாவட்டம் ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் லாரிகளுக்கும் இதே விதிதான். அந்தச் சென்சார் கெட்டதைக் கவனிக்காமல் ஓட்டினால், கம்ப்யூட்டரே என்ஜினின் பலத்தைக் குறைத்துவிடும்.

புதிய சென்சார் போட்டால், இழந்த பலம் திரும்பும். அதற்கு மேல் ஒரு குதிரைசக்தி கூடக் கூடாது! வயரை எலி கடித்திருந்தாலோ, காற்றுக்குழாய் கிழிந்திருந்தாலோ, சென்சாரை மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை. குழாய் கிழிந்திருந்தால் சென்சார் சொன்னது மெய்யல்லவா? தவணை கட்டும் லாரிக்காரருக்கு இது சிறு நஷ்டம் அல்ல.

சில லாரிகளில், பழைய பிழைக் குறிப்பையும் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்க வேண்டும். இல்லாவிட்டால், புதிய சென்சார் போட்ட பிறகும் மஞ்சள் விளக்கு அணையாது.