ஒரே நிலையத்தில் பல சேவைகள்

கருவுற்ற தாய் ஓரிடமும் நோயுற்ற குழந்தை வேறிடமும் செல்ல நேர்ந்தால், சம்பளத்தோடு சிகிச்சைக்குரிய காலமும் வீணாகிறது.

நம் நாட்டின் கிராமச் சுகாதாரத் திட்டம், தொடக்கத்தில் மூன்று படிகளாக அமைந்திருந்தது. 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம் என்பது கணக்கு. மருத்துவச்சியின் பணி பேறுகாலக் கவனிப்போடு நின்றது.

1970-களில் இத்திட்டம் இரண்டு படிகளாக்கப்பட்டது. மருத்துவச்சிகள் மறுபயிற்சி பெற்றுக் கிராமத் தாதியராயினர். அதனால் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும், குழந்தைகளுக்குத் தடுப்பூசியும், சிறு நோய்களுக்கு மருந்தும் ‘கிளினிக் டேசா’ என்னும் ஒரே நிலையத்தில் கிடைக்கலாயின.

ஆகவே தோட்டத்துத் தாய்மார்களே, கருவுற்றதும் தாமதமின்றி அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுமாறும், குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை ஒவ்வொரு முறையும் உடன் கொண்டுசெல்லுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.